ஓட்டம் பார்த்த கை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரச்சட்டம் இருக்கிறது. பத்தடி நீளம், இரண்டு விரல் அகலம். அயினி மரத்தில் மெல்லிசாக இழைத்தது. நடுவில் பிடித்துத் தூக்கினால் இரண்டு முனையும் துவளும். ஒரு விளிம்பில் ஏழு வெட்டுக்குறிகள். அது என் தாத்தாவின் சட்டம்.

தாத்தா ஓடாவி. மரக்கலம் கட்டுகிறவரைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வோம். குலசேகரன்பட்டினத்தில் வீடு, தூத்துக்குடியில் தோணி வேலை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன பாய்மரத் தோணிகள் அவை. அங்கே வேலை ஓய்ந்த மாதங்களில் ஊருக்கு வந்து மீன்பிடி வள்ளம் கட்டுவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, 1967-இல், எங்கள் கடற்கரையில் ஒரு வள்ளத்துக்குப் பலகை ஏற்றிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோன என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, கண்ண மூடிட்டுப் பலகையத் தடவிக்கிட்டே வா. கை எங்கன நிக்குன்னு சொல்லு.”

முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் நோக்கித் தடவிக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் கை தயங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. தாத்தா அந்த இடத்தில் கரிக்கோடு போட்டு, இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தார். மறுபடி தடவச் சொன்னார். இந்த முறை கை நிற்கவில்லை.

“இப்பம் ஓட்டம் வந்துட்டு” என்றார்.

கப்பல் வரைபட வேலையில் 34 வருஷம் இருந்து 2017-இல் ஓய்வு பெற்றேன். டிரேசிங் தாளில் மையால் கோடு இழுக்கும் வேலைக்குச் சேர்ந்து, கணினியில் கப்பலின் உடலை வடிவமைக்கும் வேலையில் முடித்தேன். அத்தனை வருஷமும் நான் செய்தது தாத்தா சொன்ன அந்த ஓட்டத்தைக் கொண்டுவரும் வேலைதான். அதைக் கணினி எப்படிச் செய்கிறது, அதில் நம் கரைக்கு என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுரைக்காயை மூன்று விதமாக நறுக்குவது

வீடு கட்டுகிறவருக்குத் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் போதும். சுவர் நேராக நிற்கும், தரை படுத்திருக்கும். கப்பலின் வயிற்றில் நேர்கோடு அபூர்வம். முன்னால் கூர்மை, நடுவில் அகலம், பின்னால் மறுபடி ஒடுக்கம், கீழே வளைவு. இத்தனையும் எங்கும் ஒடியாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற வேண்டும்.

இந்த உருவத்தைத் தாளில் எப்படிக் காட்டுவது? ஒரு சுரைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே நறுக்கினால் வட்டவட்டத் துண்டுகள். நீளவாக்கில் நிறுத்தி நறுக்கினால் ஒரு வடிவம். படுக்கவைத்து நறுக்கினால் இன்னொரு வடிவம். கப்பலையும் இப்படி மூன்று விதமாக நறுக்கி, மூன்று படங்களாக வரைகிறோம். லைன்ஸ் பிளான் என்று பெயர். கப்பலின் எல்லா வரைபடங்களுக்கும் அதுதான் தாய்.

சங்கடம் என்னவென்றால், மூன்று படமும் ஒரே சுரைக்காயைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றில் ஒரு புள்ளியை ஒரு நூல் நகர்த்தினால் மற்ற இரண்டிலும் அந்தப் புள்ளி நகரும். அங்கே வளைவு கெடும். அதைச் சரிசெய்தால் முதல் படம் கெடும். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்வரை அழித்து அழித்து வரைவதற்கு நாங்கள் வாரக்கணக்கில் குனிந்து நின்றிருக்கிறோம்.

வாத்துகள் காவல் காத்த கோடு

1983-இல் நான் வேலைக்குச் சேர்ந்த வரைபட அறையில் முதல் நாள் ஒரு பொருளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மேஜைமேல் மெல்லிய நீளச் சட்டம் வளைந்து கிடந்தது. அது நகராமல் இருக்க, மூக்கு நீண்ட ஈயக்கட்டிகள் வரிசையாக அதைக் கவ்வி நின்றன. மூக்கு இருப்பதால் அவற்றுக்கு வாத்து என்று பெயர். தாத்தாவின் அயினிச் சட்டம் இங்கே எப்படி வந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. தாத்தா நடு வங்கை (வங்கு என்றால் வள்ளத்தின் விலாக்கட்டை) முதலில் நிறுத்தி, அணியத்திலிருந்து பின்கட்டைவரை சட்டத்தை வளைத்துக் கட்டி, அது காட்டுகிற இடைவெளியைப் பார்த்து மற்ற வங்குகளை அறுப்பார். வரைபட அறையில் அதையே சிறிதாக்கித் தாளில் செய்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

தாளில் முடிந்த கோட்டை எண்களாக மாற்றுவோம். ஒவ்வொரு வங்கிலும் ஒவ்வொரு உயரத்திலும் நடுக்கோட்டிலிருந்து கப்பலின் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு பெரிய அட்டவணை. அந்த எண்கள் லாஃப்ட் என்னும் கூடத்துக்குப் போகும். தூண் இல்லாத நீண்ட கூடம், கறுப்புச் சாயம் பூசிய மரத்தரை. அந்தத் தரையில் கப்பலை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாக வரைவார்கள். முழங்காலிட்டு, நீளச் சட்டங்களை ஆணியடித்து வளைத்து, தலையைத் தரையோடு சாய்த்து ஒரு கண்ணால் கோட்டின் ஓட்டம் பார்ப்பார்கள். பிறகு அந்தக் கோட்டின்மேல் மரத்தகடு வைத்து அச்சு அறுப்பார்கள். அந்த அச்சுப்படி இரும்பு வெட்டப்படும்.

ஒரு முறை அட்டவணையில் 1274 என்று இருக்க வேண்டிய இடத்தில் நான் 1247 என்று எழுதிவிட்டேன். 27 மில்லிமீட்டர். சரிபார்த்தவர்களும் கவனிக்கவில்லை. லாஃப்ட் தரையில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர் சட்டத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, “இந்த ஆணியில் சட்டம் அழுகிறது” என்று சொல்லியனுப்பினார். அவர் எண்ணைப் படிக்கவில்லை, மரம் பட்ட சிரமத்தைப் படித்தார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் வெட்டிய தகடு பொருந்தாமல் போயிருக்கும்.

மரத்தின் குணத்தைக் கணக்காக்கியவர்கள்

சட்டம் ஏன் அவ்வளவு அழகாக வளைகிறது? வளைக்கப்பட்ட மரம் தனக்கு மிகக் குறைந்த சிரமம் தருகிற நிலையில் போய் நிற்கும். வாத்துகள் பிடித்த இடங்களைத் தவிர வேறெங்கும் அது வீணாக நெளியாது. ஒரு வாத்துக்கும் அடுத்த வாத்துக்கும் நடுவில் அது எடுக்கிற வடிவம், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மும்மடிச் சமன்பாட்டின் வளைவுக்கு மிக நெருக்கமானது. அந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்ப்ளைன் என்று பெயர். 1946-இல் ஐசக் ஷோன்பெர்க் என்ற கணிதவியலாளர், துண்டு துண்டாக இணைந்து ஒரே ஓட்டமாகப் போகும் வளைவுகளுக்கு அதே பெயரைச் சூட்டினார். தச்சரின் கருவி கணிதத்தில் ஏறிய நாள் அது.

பிரான்ஸில் கார் கம்பெனிகள் அடுத்த அடியை எடுத்து வைத்தன. 1959-இல் சித்ரோயெனில் பால் து காஸ்தல்ஜோவும், பின்னர் ரெனோவில் பியர் பெசியேயும், சில புள்ளிகளைக் கொண்டே ஒரு வளைவை முழுதாகக் கட்டுப்படுத்தும் வழியைக் கண்டார்கள். கப்பல்காரர்களும் பின்தங்கவில்லை. 1961-இல் அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் மாதிரிச் சோதனைத் தளத்தில் தைல்ஹைமர், ஸ்டார்க்வெதர் என்ற இருவர் கப்பலின் கோடுகளுக்குக் கணினியில் ஓட்டம் கொண்டுவருவது எப்படி என்று எழுதினார்கள். அதே பத்தாண்டில் நார்வேயில் ஆட்டோகான், ஸ்பெயினில் ஃபோரான் என்ற மென்பொருள்கள் பிறந்தன. லாஃப்ட் கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

இன்று திரையில் கப்பலின் உடல் ஒரு வலையாகத் தெரியும். நம் ஊரில் வலை உலர்த்தப் போட்டிருக்கும்போது ஒரு கண்ணியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பக்கத்துக் கண்ணிகள் கூடவே எழும், தூரத்துக் கண்ணிகள் அசையாது. திரையிலும் அப்படித்தான். ஒரு புள்ளியை இழுத்தால் அந்தச் சுற்றுவட்டாரம் மட்டும் மாறும். மூன்று நறுக்குப் படங்களும் ஒரே உடலிலிருந்து வெட்டப்படுவதால் ஒன்றுக்கொன்று முரண்படவே முடியாது. எங்கள் வாரக்கணக்கான அழிரப்பர் வேலை அத்தோடு தீர்ந்தது.

ஆனால் ஓட்டம் தானாக வராது. திரையில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கோடு பத்து மீட்டர் இரும்பாக மாறும்போது குழி விழுந்து தெரியும். அதைப் பிடிக்க ஒரு சீப்பு உண்டு. கோட்டின் ஒவ்வொரு இடத்திலும் வளைவு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு பல் முளைக்கும். பல்முனைகள் சீராக ஏறி இறங்கினால் ஓட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு பல் துருத்தினால் அங்கே தவறு. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று, எட்டு வயதில் என் கை நின்ற இடம் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தெரிந்ததைத் திரை இப்போது கண்ணுக்குக் காட்டுகிறது.

மிதக்குமா, சாயுமா, ஓடுமா

உருவம் கணினிக்குள் வந்துவிட்டால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

முதல் கேள்வி, எவ்வளவு சுமை தாங்கும்? விலக்கிய தண்ணீரின் எடைதான் கப்பலின் எடை. அந்தக் கொள்ளளவைக் கையால் கணக்கிட, ஒவ்வொரு நறுக்கின் பரப்பையும் பிளானிமீட்டர் என்ற கருவியால் சுற்றிச் சுற்றி அளந்து, சிம்ப்சன் சூத்திரத்தில் போட்டுக் கூட்டுவோம். ஒரு கப்பலுக்குப் பல நாள் வேலை. இன்று கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது.

இரண்டாவது, அலையில் சாய்ந்தால் நிமிருமா? 1628-இல் ஸ்வீடன் அரசரின் வாசா என்ற போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே, துறைமுகத்துக்குள்ளேயே, காற்றில் சாய்ந்து மூழ்கியது. அதைக் கட்டியவர்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் அல்லர். மேலே எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கு அன்று இல்லை. 1746-இல் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கணக்கை எழுதினார். இப்போது வடிவமைப்பாளர் ஒரு வங்கை அகலப்படுத்தும்போதே கப்பல் எத்தனை பாகைவரை சாய்ந்தால் நிமிரும் என்பது திரையின் ஓரத்தில் மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, எவ்வளவு எண்ணெய் குடிக்கும்? வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் எஞ்சினின் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தண்ணீர் உடலில் உரசுவதும், கப்பல் தானே அலை எழுப்புவதும் சக்தியைத் தின்னும். பெரிய கப்பல்களின் முன்னால் தண்ணீருக்கடியில் மூக்கு மாதிரி உருண்டை துருத்தியிருப்பதைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் பார்க்கலாம். அது தனக்கென ஓர் அலையை எழுப்பும். அந்த அலையின் பள்ளம் கப்பல் எழுப்பும் அலையின் முகட்டோடு சேரும்போது இரண்டும் அடங்கும். எந்த அளவு மூக்கு எந்த வேகத்துக்குப் பொருந்தும் என்று கணினியில் நூறு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். கடைசியில் ஒரு சிறு மாதிரியைச் செய்து தொட்டியில் இழுத்துச் சோதிப்பார்கள். 1872-இல் வில்லியம் ஃப்ரூட் இங்கிலாந்தின் டார்க்கியில் தொடங்கிவைத்த முறை இது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறையிலும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது.

இதோடு இன்னொன்று. இரும்புத்தகடு தட்டையாக வரும், கப்பல் வளைவாக இருக்கும். தாளைச் சுருட்டிக் கூம்பு செய்யலாம், ஆனால் பூசணிக்காய்மேல் சுருக்கம் விழாமல் ஒட்ட முடியாது. உடலின் எந்தப் பகுதி கூம்பு போன்றது, எது பூசணி போன்றது என்று கணினி பிரித்துக் காட்டும். கூம்புப் பகுதியைத் தட்டையாக விரித்து இயந்திரத்துக்கு அனுப்பலாம். பூசணிப் பகுதிக்குத் தீயால் கோடு போட்டுத் தகட்டை வளைக்கும் தேர்ந்த கைகள் இன்னும் வேண்டும். இந்தக் கணினி வேலைக்குப் பெரிய உதாரணம், 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த், 262 மீட்டர் நீளம். முழுக் கப்பலையும் முதலில் கணினிக்குள் முப்பரிமாணத்தில் கட்டி, அதிலிருந்து வேலைப் படங்களை எடுத்துக் கொச்சியில் கட்டினார்கள்.

நம் கரையின் கணக்கு

கொற்கை, காயல், குலசேகரன்பட்டினம். தாமிரபரணி முகத்துவாரத்திலும் அதன் தெற்கிலும் பாண்டியர் காலத்துத் துறைமுகங்கள் இருந்த கரை இது. என் ஊரின் பெயரே ஒரு பாண்டிய மன்னனின் பெயர். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி எங்கள் ஊர் ராக்கெட் ஏவுதளத்துக்குத் தூத்துக்குடி விழாவில் அடிக்கல் நாட்டப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதே மேடையில் ஹைட்ரஜனில் ஓடும் இந்தியாவின் முதல் உள்நாட்டுப் பயணிகள் படகையும் தொடங்கிவைத்தார்கள். கொச்சியில் கட்டிய அந்தப் படகு கேட்டமரான் வகை. நம் கட்டுமரத்தின் பெயர்தான் உலகத்தைச் சுற்றிவந்து, இரண்டு உடல் கொண்ட படகின் பெயராகி, மறுபடி தூத்துக்குடிக்கு வந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் நிறைந்தது. பெயர் திரும்பி வந்ததுபோல் வடிவங்களும் திரும்பி வர வேண்டும் என்றும் தோன்றியது.

வராமல் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கமும், கிஃபர்ட் என்ற ஆங்கிலப் படகு வடிவமைப்பாளரும், முட்டத்தில் இருந்த பெல்ஜியப் பாதிரியார் பியர் ஜில்லேயும் சேர்ந்து பிளைவுட் வள்ளங்களைக் கொண்டுவந்தார்கள். கட்டுமரத்துக்கு வேண்டிய பெரிய மரங்கள் கிடைக்காமல் போன காலம் அது. பிளைவுட் தகட்டை அளவாக வெட்டி, கம்பியால் தைத்து, பசை போட்டு ஒட்டுவது அவர்கள் முறை. கூம்பு, பூசணிக் கணக்கை அறிந்து, பூசணி வராமல் போட்ட வடிவங்கள் அவை. நம் அலையில் ஏறி இறங்கும் மீனவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள்.

2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா இன்னும் அருமையான உதாரணம். அஜந்தா ஓவியத்தில் இருக்கும் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய பாய்க்கப்பல் அது. கேரளத்துக் கைவினைஞர்களும் அவர்களின் மூத்த கலைஞர் பாபு சங்கரனும் கட்டினார்கள். வரைபடம் எதுவும் மிஞ்சாத வடிவம் என்பதால், அது கடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை மாதிரி வைத்துச் சோதித்தது. தையல் தெரிந்த கையும் தண்ணீரின் கணக்கு தெரிந்த கணினியும் சேர்ந்தே அதைக் கடலில் இறக்கின.

ஏழு குறிகள்

போன தை மாதம், 1967-இல் நான் தடவிப் பார்த்த அதே வள்ளத்தைத் தேடிப் போனேன். அது கடலுக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. பனைமரத்தடியில் கவிழ்த்துப்போட்டு, உள்ளே பழைய வலை வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பவரிடம் கேட்டேன். “ஒங்க தாத்தா வள்ளந்தானக்கா, தாராளமா அளந்துக்கோங்க” என்றார்.

என் தம்பி பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான். கைப்பேசியால் சுற்றிச் சுற்றி 240 படம் எடுத்தான். படங்களை மென்பொருள் ஒன்றோடொன்று பொருத்தி, வள்ளத்தின் உடலை லட்சக்கணக்கான புள்ளிகளாகக் கொடுத்தது. இலவசமாகக் கிடைக்கிற கப்பல் வடிவமைப்பு மென்பொருளில் அந்தப் புள்ளிகளை வைத்து உடலை இழைத்தேன். வங்கு வங்காக நறுக்கினேன். வலது பக்கம் இடது பக்கத்தைவிட 11 மில்லிமீட்டர் புடைத்திருந்தது. மரம் வயதில் அசைந்ததாக இருக்கலாம். சீப்பு போட்டுப் பார்த்தேன். அணியத்திலிருந்து நடுவரைக்கும் பல்முனைகள் ஒரே சீராக ஏறின. வரைபடம் இல்லாமல், ஒரு சட்டத்தையும் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு வந்த ஓட்டம்.

அன்று இரவு பரணிலிருந்து சட்டத்தை இறக்கினேன். ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு வெட்டுக்குறிக்கும் அளந்து எழுதினேன். பக்கத்தில், நடுக்கோட்டிலிருந்து வள்ளத்தின் பக்கம்வரை கணினி கொடுத்த அரை அகலங்கள். ஐந்து குறிகள் ஐந்து வங்குகளோடு அரை விரல் வித்தியாசத்துக்குள் பொருந்தின. 1983-இல் நான் பக்கம் பக்கமாக எழுதப் பழகிய அந்த அட்டவணையைத் தாத்தா ஏழு வெட்டில் எழுதி வைத்திருந்தார். ஐம்பது வருஷமாக அதைப் பரணில் போட்டு வைத்திருந்தேன்.

மற்ற இரண்டு குறிகள் எதோடும் பொருந்தவில்லை. புள்ளிகளைக் கணினி கொடுக்கும். அந்த இடத்தில் ஏன் வெட்டினார் என்பதைக் கணினி கொடுக்காது. அதைச் சொல்லியிருக்கக்கூடியவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

2025 செப்டம்பரில் கொச்சின் ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளங்கள் அமைக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அவை வரட்டும். நம் பிள்ளைகள் கணினிமுன் உட்கார்ந்து பெரிய கப்பல்களை வடிவமைக்கட்டும். அதற்கு முன்னால், கரையோரம் கவிழ்ந்து கிடக்கும் ஒவ்வொரு மர வள்ளத்தையும், மிச்சமிருக்கும் ஒவ்வொரு தோணியையும் அளந்து வைக்க வேண்டும். ஒரு கைப்பேசியும் ஒரு முழுநாளும் போதும். கல்லூரிகள் இதை மாணவர்களுக்குச் செய்முறைப் பாடமாக வைக்கலாம். அளக்கும்போதே, கட்டியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து ஏன் ஏன் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மரத்தைவிட மனிதர் முதலில் போய்விடுகிறார்.

தூத்துக்குடியில் தாத்தாவோடு வேலை பார்த்த ஓடாவி ஒருவர் இருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. எண்பது தாண்டியவர். காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறதாம். பத்தடிச் சட்டத்தைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள் என்பதால் ஒரு வேன் பேசியிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சட்டத்தோடு போகிறேன்.